மிச்சிகனில் பழைய காருக்கு ஆகஸ்ட் மாதம்

என்னிடம் 1964-ம் வருடத்து பிளைமத் வேலியன்ட் கார் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிற நம் ஆட்கள் முதலில் கேட்பது, "இதை ஏன் தினமும் எடுக்கிறதில்லை?" என்றுதான். வண்டி சாவி போட்டதும் கிளம்பும், நெடுஞ்சாலையிலும் மூச்சு வாங்காது. ஆனால் அதன் பின்பக்கம் இருப்பது "ஹிஸ்டாரிக்கல் வெஹிக்கிள்" நம்பர் பிளேட். அந்தப் பிளேட்டோடு ஆபீஸ் போகக் கூடாது, கடைக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வரக் கூடாது. சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. சொந்தக் கார், வரி கட்டியாகிவிட்டது, அப்புறம் எங்கே போகிறோம் என்று அரசு எப்படிக் கேட்கலாம் என்கிறார்கள். கேட்கலாம். அதற்கான காரணத்தையும், அந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் குறையையும் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கார் 25 வருடத்தைத் தாண்டிவிட்டால் இந்தப் பிளேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 டாலர், பத்து வருடத்துக்கு. பத்தாவது வருடம் ஏப்ரல் 15-ல் காலாவதியாகும். சாதாரணப் பிளேட்டு என்றால் பிறந்தநாள் நெருங்கும்போதெல்லாம் புதுப்பிக்கச் சொல்லி கடிதம் வரும், ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 30 டாலர் என்பது கிட்டத்தட்ட இலவசம். பதிலுக்கு விண்ணப்பத்தில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறோம்: இந்த வண்டியை சேகரிப்புப் பொருளாக மட்டுமே வைத்திருக்கிறேன், கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, சுற்றுலா, ஊர்வலம், அதுபோன்ற காரியங்கள், எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது ஆகியவற்றுக்கே பயன்படுத்துவேன், பொதுவான போக்குவரத்துக்கு எடுக்க மாட்டேன்.

இதே சட்டத்தில்தான் அந்த அழகான விதிவிலக்கும் இருக்கிறது. வருடத்தில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் வண்டியை எதற்கு ஓட்டினாலும் அது கண்காட்சிக்கோ ஊர்வலத்துக்கோ ஓட்டியதாகவே கணக்கு. ஆகஸ்ட் 1 முதல் 31 வரை ஆபீஸ் போகலாம், காய்கறி வாங்கலாம், மாமியாரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வரலாம். செப்டம்பர் 1 காலையில் பழைய விதி திரும்பிவிடும்.

ஏன் ஆகஸ்ட் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995-ல் ஃபெர்ண்டேல் ஊரில் பிள்ளைகளுக்கான கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தது. இன்று ஃபெர்ண்டேலிலிருந்து ராயல் ஓக், பர்மிங்ஹாம் வழியாக பொன்டியாக் வரை வுட்வர்ட் அவென்யூ முழுக்க ஆயிரக்கணக்கான பழைய வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஃபிளிண்ட் நகரத்தின் கார் திருவிழாவும் அதே மாதத்தில்தான். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த மாநிலம் தன் பழைய வண்டிகளுக்கு ஒரு மாதத்தை முழுதாக எழுதிவைத்திருக்கிறது. அதை நான் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

என் வேலியன்ட் பிறந்தது டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில், டாட்ஜ் மெயின் என்று ஊர் முழுக்க அறிந்த தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. வண்டி மட்டும் பிழைத்திருக்கிறது. இதில் கியர் போட கம்பி கிடையாது. ஸ்டீயரிங்குக்கு இடதுபுறம் டாஷ்போர்டில் வரிசையாகப் பொத்தான்கள்: ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், இரண்டு, ஒன்று. பார்க்கிங்குக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். கிரைஸ்லர் வண்டிகளில் இந்தப் பொத்தான் ஏற்பாட்டுக்கு 1964-தான் கடைசி வருடம். பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர் எஞ்சின் 30 டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும். சாய்த்து வைத்ததால் பானெட் தாழ்வாக அமைந்தது. காற்று உள்ளே வரும் குழாய்களை நீளமாக வைக்கவும் இடம் கிடைத்தது. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மரை தலைகீழ், இடம்புரி. டயர் கடையில் வண்டியை விடும்போது, "இந்தப் பக்கம் எதிர்த் திசையில் சுற்றணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் ஏர் கன் வைத்து போல்ட்டையே முறித்துவிடுவார்கள்.

நான் சம்பளம் வாங்குவது பிரேக் டிசைனில். அதனால் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது என் மனம் நேராக பிரேக்குக்குத்தான் போகும். 1964 வேலியன்ட்டில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதைவிட முக்கியம், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும், பின்சக்கரத்துக் குழாய் ஒன்று துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் பெடல் நேராகத் தரையில் போய் உட்காரும். ஒரு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. கையில் மிஞ்சுவது பார்க்கிங் பிரேக் மட்டும். முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று இரண்டு அறை வைத்த மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்க வண்டிகளில் பொதுவானது 1967, 68 வாக்கில்தான். சீட் பெல்ட்டும் அப்படித்தான். இந்த வண்டியோடு வந்தது முன்சீட்டில் இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டும், தோளுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிப்பட்ட வண்டியை எழுபது மைல் வேகத்தில் ஐ-75 நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு, முன்னால் போகிறவர் போனைப் பார்த்துக்கொண்டே திடீரென்று பிரேக் போடும் நெரிசலில், தினமும் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மிச்சிகனில் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனையே கிடையாது. பழைய வண்டியின் அடியில் படுத்து பிரேக் குழாயைப் பார்க்கும் அதிகாரி யாரும் இல்லை. அந்த நிலையில், அதிகம் ஓட்டாதே என்பதுதான் அரசிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு. அதன் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் இரண்டறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றிவிட்டேன், ஹோஸ்களையும் குழாய்களையும் புதிதாகப் போட்டுவிட்டேன். மாற்றச் சொல்லி சட்டம் கேட்கவில்லை. என் மகள் பின்சீட்டில் உட்காருகிறாள், அது போதும் எனக்கு.

குளிர்காலத்தைப் பொறுத்தவரை சட்டமே தேவையில்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. முதல் பனி விழுந்ததும் சாலையெங்கும் உப்பைக் கொட்டிவிடுவார்கள். அந்த உப்பில் அறுபது வருடத்து இரும்பை இறக்க மனசாட்சி உள்ள யாருக்கும் கை வராது. நவம்பரிலிருந்து ஏப்ரல் பாதி வரை வண்டி கராஜில் போர்வைக்குள்தான். ஆக, கட்டுப்பாடு உண்மையில் உறைப்பது ஏப்ரல் பின்பாதி, மே, ஜூன், ஜூலை, செப்டம்பர், அக்டோபர் ஆகிய ஐந்தரை மாதங்களில்தான். அந்த மாதங்களில் நல்ல வெயிலுள்ள சாயங்காலம் ஒன்றில், சும்மா ஒரு சுற்று போய்வரலாமா என்று கை சாவியைத் தேடும்போதுதான் அந்தக் கையெழுத்து ஞாபகத்துக்கு வரும்.

நம் நாள்காட்டியோடு இது உரசும் இடங்களும் உண்டு. பொன்டியாக்கில் பராசக்தி கருமாரி அம்மன் கோவில் இருக்கிறது. ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். எங்கள் வீட்டில் ஜூலையில் வரும் ஆடி வெள்ளிகளுக்கு மினிவேன், ஆகஸ்டில் வரும் ஆடி வெள்ளிகளுக்கு வேலியன்ட். பட்டுப்பாவாடையோடு மகள் அந்த அகலமான பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தால் பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது. கோவிலுக்கு ஓட்டிப்போய் வாகன பூஜை செய்ய வழியில்லை. அதனால் வீட்டு வாசலிலேயே சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகிவிடும். எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை முன்னால் ஓரடி நகர்த்துவது நம் சொந்த டிரைவ்வேயில். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஜூனில் தந்தையர் தினத்தை ஒட்டி டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் மோட்டார் மஸ்டர் நடக்கும். முப்பதுகளிலிருந்து எழுபதுகள் வரையிலான வண்டிகள் வரும். அதற்கு ஓட்டிப்போவது கண்காட்சிக்குப் போவது, சந்தேகமே இல்லை. கலமசூ பக்கம் ஹிக்கரி கார்னர்ஸில் உள்ள கில்மோர் கார் அருங்காட்சியகத்தில் கோடை முழுக்கக் கண்காட்சிகள் நடக்கும், அதற்கும் அப்படியே. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தால் அது சோதனை ஓட்டம். போகிற வழியில் பெட்ரோல் போடாமல் முடியாது, அதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் "சோதனை ஓட்டம்" வாரம் ஐந்து நாளும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் போய் முடிந்தால், அதற்குப் பெயர் வேறு.

இதைச் சொல்லக் காரணம், இங்கே ஓர் இளம் நண்பர். ஆபர்ன் ஹில்ஸ் பக்கம் வேலை. 1998 ஹோண்டா அக்கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"அண்ணா, வண்டி 25 வருஷம் தாண்டியாச்சு. உங்க பிளேட் மாதிரியே நானும் போட்டுக்கலாம்னு பார்க்கிறேன். முப்பது டாலர், பத்து வருஷத்துக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"எங்கே ஓட்டப்போறீங்க?"

"ஆபீஸுக்குத்தான். வேற எங்கே?"

"அப்போ போடாதீங்க தம்பி."

அவர் விடவில்லை. அவருடைய அபார்ட்மென்ட்டிலேயே இரண்டு பேர் அப்படிப் போட்டு ஓட்டுகிறார்களாம், போலீஸ் யாரும் நிறுத்தியதில்லையாம். இருக்கலாம். சாலையில் போகிற வண்டி கண்காட்சிக்குப் போகிறதா மளிகைக் கடைக்குப் போகிறதா என்று போலீஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நான் அவரிடம் பேசியது வேறு விஷயம். முதலில் இன்ஷூரன்ஸ். சேகரிப்பு வண்டிகளுக்கான பாலிசி மலிவாகக் கிடைப்பதே, தினசரி ஓட்டத்துக்கு உங்களிடம் வேறு கார் இருக்கிறது, இது பூட்டிய கராஜில் தூங்குகிறது என்ற நம்பிக்கையில். வேலைக்குப் போகும் வழியில் பின்னால் ஒருவர் இடித்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் இந்த வண்டிக்கு என்ன வேலை என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்போது கோப்பில் இருக்கும் உறுதிமொழியில் கையெழுத்து நம்முடையது. விசாவில் இருக்கிறவர் அரசு விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறாகக் கையெழுத்துப் போடவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. மிச்சமாகும் தொகை எவ்வளவாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

இரண்டாவது காரணம் என்னைப் போன்றவர்களைப் பற்றியது. 25 வருடம் என்பது நகரும் கோடு. ஒரு காலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியது பின்பக்கம் மீன்துடுப்பு போல உயர்ந்த ஐம்பதுகளின் வண்டிகள். இன்று தாண்டுவது ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள அக்கார்டும் கேம்ரியும். இவை இன்னும் பத்து வருடம் தினமும் ஓடக்கூடியவை. அவற்றை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பதிவுக் கட்டணத்தைத் தப்பிக்க இந்தப் பிளேட்டுக்குள் நுழைந்தால், ஒருநாள் சட்டமன்றம் விழித்துக்கொண்டு எல்லோருக்கும் சேர்த்துக் கயிற்றை இறுக்கும். அப்போது பறிபோவது அந்த ஆகஸ்டாகவும் இருக்கலாம். சாலைகளைச் செப்பனிடும் பணத்தில் ஒரு பகுதி இந்தக் கட்டணங்களிலிருந்துதான் வருகிறது. மிச்சிகன் சாலைகளின் குழிகளைப் பற்றிப் புலம்பாத தமிழர் யாராவது இருக்கிறாரா?

நண்பர் கடைசியில் சாதாரணப் பிளேட்டே போட்டார். மனவருத்தம் ஒன்றும் இல்லை. அக்கார்டு நல்ல வண்டி, தினமும் ஓட்டட்டும்.

மற்ற இடங்களில் இதே சிக்கலை வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் சும்மா உல்லாசமாக ஓட்டலாம், ஆனால் வீட்டிலிருந்து 250 மைலுக்குள். பென்சில்வேனியாவில் எப்போதாவது ஓட்டலாம், வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் கூடாது. ஜெர்மனியில் பதிவெண்ணின் கடைசியில் "எச்" எழுத்து வரும். வண்டிக்கு 30 வயதாகியிருக்க வேண்டும், வண்டி பழைய அசல் நிலையில் இருப்பதாக ஒரு நிபுணர் சோதித்துச் சான்று தர வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எங்கே ஓட்டுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, தினமும் ஓட்டலாம். காருக்கு வரி எஞ்சின் அளவு எதுவானாலும் வருடத்துக்கு ஏறத்தாழ 191 யூரோ. பழைய வண்டிகளைத் தடுக்கும் நகர்ப் பகுதிகளுக்குள்ளும் போகலாம். நுழைவாயிலில் கடுமை, உள்ளே சுதந்திரம். ஒரு பொறியாளராக எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கிறது.

ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். இந்தியாவில் மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அடிச்சட்டம், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் வகை. புதிதாகப் பதிவு செய்தால் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் "விஏ" வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் என்று பார்த்தால் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, அவ்வளவுதான். அங்கே ஆகஸ்ட் கிடையாது. தாத்தா வாங்கிய ஃபியட்டின் பழைய சாதாரணப் பதிவு இன்னும் உயிரோடு இருந்தால், அதை எக்காரணம் கொண்டும் காலாவதியாக விட்டுவிடாதீர்கள் என்பதுதான் கோவையிலிருந்து கேட்ட நண்பருக்கு நான் சொன்ன பதில்.

எனக்கு மிச்சிகனிடம் இருக்கும் குறைக்குத் தீர்வு ஏரிக்கு அந்தப் பக்கம், இல்லினாயில் இருக்கிறது. அங்கே இரண்டு வகைப் பழங்காலப் பிளேட். ஒன்று நம்முடையதைப் போல, கண்காட்சிக்கும் பழுதுபார்க்கவும் மட்டும். இன்னொன்று விரிந்த பயன்பாட்டுக்கானது. கட்டணம் கூடுதல். ஆனால் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் கட்டுப்பாடு, அதாவது யாரும் எடுக்க விரும்பாத உப்பு மாதங்களில். இரண்டில் எது வேண்டும் என்பதை உரிமையாளர் முடிவு செய்துகொள்ளலாம். இதில் யாரும் பொய்க் கையெழுத்துப் போட வேண்டிய நெருக்கடியே எழாது. மே மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் மகளை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போக விரும்பும் அப்பா நேர்மையாகக் கூடுதல் பணம் கட்டிவிட்டு ஓட்டலாம். நேர்மையாக இருக்க விரும்புகிறவனுக்கு ஒரு வழி வைப்பதும் நல்ல சட்டத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

சாதாரணப் பிளேட்டே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், 1984-க்கு முந்தைய வண்டிக்கு எடையை வைத்துத்தான் கட்டணம், கட்ட முடியாத தொகையும் அல்ல. ஆனால் அப்படிச் செய்தால் இது அரசின் கணக்கில் இன்னொரு காராக மட்டும் ஆகிவிடும். பாதுகாக்க வேண்டிய ஒரு பொருள் என்று அந்தப் பிளேட்டு சொல்கிறதே, அதை விட எனக்கு மனமில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

அதனால் என் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். ஆகஸ்ட் சலுகையைத் தொடக் கூடாது. அதோடு இல்லினாய் மாதிரி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை செல்லும் இன்னொரு பிளேட் வேண்டும், அதற்குக் கூடுதல் கட்டணம் வைக்கட்டும். அந்தப் பிளேட்டை எடுக்கிற வண்டிக்கு மட்டும், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மெக்கானிக் பிரேக் குழாய்களையும் ஹோஸ்களையும் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது மூன்றாவது. கடைசிக் கோரிக்கைக்குக் கார்காரர்கள் நடுவிலேயே எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். ஒரே அறை மாஸ்டர் சிலிண்டரை உள்ளே பிரித்துப் பார்த்தவன் நான், அதிலிருந்து இறங்கிவரத் தயாரில்லை.

மிச்சிகனில் பழைய வண்டி வைத்திருக்கும் தமிழர்கள், உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்களும் எழுதலாம். கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.